மைக்கா, மின்சாரமா: எலெக்ட்ரிக் கிட்டார் ஒலிப்பதிவின் வரலாறு

எலெக்ட்ரிக் கிட்டாரை எதனோடும் இணைக்காமல் வாசித்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப், அவற்றின் அதிர்வை மெல்லிய மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரம் ஆம்ப்ளிஃபையரில் பெருகி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைத்த பிறகே நமக்குப் பழக்கமான கிட்டார் ஒலி உண்டாகிறது. ஆம்ப்ளிஃபையரின் வால்வுகளும் ஸ்பீக்கரும் ஒலியைப் பெருக்குவதோடு நிற்பதில்லை. அதன் குணத்தையே மாற்றிவிடுகின்றன. ஆம்ப் அந்த வாத்தியத்தின் சரிபாதி என்று சொன்னால் மிகையில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தின் நெடுநாள் கேள்வி இங்கேதான் எழுகிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியைப் பதிவு செய்வதா, பிக்கப்பிலிருந்து வரும் மின்சாரத்தைப் பதிவு செய்வதா? முதல் வழியில் ஆம்ப்புக்கு முன்னால் மைக்கை நிறுத்தி, வாசிப்பையும் ஒலியின் தன்மையையும் ஒன்றாகவே பிடித்துவிடுவார்கள். இரண்டாவது வழியில் வெறும் மின்சாரம் ஒரு டிராக்கில், அதாவது தனிப் பதிவுத் தடத்தில், ஏறும். கலைஞர் வீட்டுக்குப் போன பிறகு அந்த டிராக்கை ஆம்ப்புக்கு அனுப்பி, மைக் வைத்து மறுபடியும் பதிவு செய்வார்கள். இதற்கு ரீஆம்ப் என்று பெயர். இவ்விரண்டில் எது எந்தக் காலத்தில் கையாளப்பட்டது என்பதை ரசனையைக் காட்டிலும் அதிகமாக நிர்ணயித்தது, கையில் எத்தனை டிராக் இருந்தது என்ற கணக்கு.

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ரிக்கன்பேக்கரின் 'ஃப்ரையிங் பேன்' கிட்டார் 1932இல் விற்பனைக்கு வந்தது. கிப்சன் நிறுவனத்தின் இ.எஸ்.-150 1936இல் வந்தது. பென்னி குட்மனின் குழுவில் சார்லி கிறிஸ்டியன் அந்த கிப்சனை வாசித்த 1939 முதல் 1941 வரையிலான ஆண்டுகளில் இசை நேராக வட்டில் வெட்டப்பட்டது. குழு முழுவதும் ஒரே அறையில் இருக்கும். ஆம்ப்பை மைக்குக்குக் கொஞ்சம் அருகே நகர்த்துவதும் தள்ளி வைப்பதும்தான் ஒலிப்பதிவாளரின் 'மிக்ஸிங்'. ஒரு கருவி பிடிக்கவில்லையென்றால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

இப்படிப் பின்னால் திருத்த வழியில்லாத உலகில், வித்தியாசமான ஒலி வேண்டுமென்றால் ஆம்ப்பைத்தான் பாடாய்ப்படுத்த வேண்டியிருந்தது. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் கூடத்துக்கு 'ராக்கெட் 88' பாடலைப் பதிவு செய்ய ஐக் டர்னரின் குழு வந்தபோது, கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் வழியிலேயே சேதமடைந்திருந்தது. ஃபிலிப்ஸ் அதற்குள் காகிதத்தைத் திணித்து, கரகரத்த அந்த ஒலியை அப்படியே பதிவு செய்தார். 1958இல் 'ரம்பிள்' என்ற வாத்திய இசைக்காக லிங்க் ரே தன் ஆம்ப்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ், 1964இல் வெளியான 'யூ ரியலி காட் மீ' பாடலுக்காக எல்பிக்கோ என்ற சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறி, அதை வாக்ஸ் ஏசி30 ஆம்ப்போடு இணைத்தார். ராக் இசையின் முரட்டுத்தனத்துக்கு அடையாளமாக இக்கதைகள் சொல்லப்படுவது வழக்கம். ஆனால் ஒலியை மாற்ற அன்று எளிதாகக் கைக்கு எட்டிய இடம் ஸ்பீக்கர்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் இன்னொரு மரபும் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னோடி லெஸ் பால். ஹாலிவுட்டில் தன் வீட்டு கராஜில் வட்டின் மேல் வட்டாக அடுக்கி அவர் உருவாக்கிய 'லவர்' 1948இல் வெளியானது. மேரி ஃபோர்டுடன் சேர்ந்து செய்த 'ஹவ் ஹை தி மூன்' 1951இல் வந்தது. ஒரே ஆள் பல கிட்டார்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒவ்வொரு அடுக்கிலும் அறையின் எதிரொலியும் ஆம்ப்பின் இரைச்சலும் கூடிக்கொண்டே போகும். அதைத் தவிர்க்க அவர் கிட்டாரை நேராகவே பதிவுக் கருவியில் செருகினார். 1957இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அவருக்கு 8 டிராக் டேப் கருவியைச் செய்து கொடுத்தது. மற்ற கூடங்கள் ஒன்றிரண்டு டிராக்குகளோடு காலம் தள்ளிய நாட்கள் அவை. நேரடிப் பதிவுக்கு ஏற்ற குறைந்த இம்பீடன்ஸ் பிக்கப்புகளை அவர் விடாமல் வலியுறுத்தியதன் விளைவாக, 1969 முதல் கிப்சன் அத்தகைய கிட்டார்களையும் விற்றது. மேடைக் கலைஞர்கள் அவற்றைப் பெரிதாக வரவேற்கவில்லை.

டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனம் இந்த வழியை அன்றாட வழக்கமாகவே ஆக்கியது. வெஸ்ட் கிராண்ட் புலவாரில் ஒரு வீட்டையொட்டி அமைந்திருந்த அதன் ஸ்டுடியோ ஏ சிறிய அறை. டிரம், பியானோ, தாள வாத்தியங்கள், மூன்று கிட்டார்கள், பேஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆளுக்கொரு ஆம்ப் வைத்தால் ஒவ்வொன்றின் ஒலியும் மற்றவற்றின் மைக்கில் புகுந்துவிடும். எனவே கிட்டார்களும் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸும் நேராக ஒலிக்கலவைக் கன்சோலுக்குள் சென்றன. வாசித்தவர்கள் தங்கள் ஒலியை அறையில் இருந்த ஸ்பீக்கர் வழியே கேட்டுக்கொண்டார்கள். மோடவுன் பாடல்களில் கிட்டார் மணிபோலத் துல்லியமாக ஒலிப்பதற்கு இட நெருக்கடியும் ஒரு காரணம்.

கிட்டாரை இப்படி நேராகக் கன்சோலில் செருகுவதில் ஒரு சிக்கல் உண்டு. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. அதிலிருந்து வரும் மின்சாரத்துக்குத் தள்ளும் வலு குறைவு. இதைத்தான் இம்பீடன்ஸ் அதிகம் என்பார்கள். எதிரே இருக்கும் கருவி அந்த மின்சாரத்தை அதிகமாக இழுத்தால் ஒலியின் மேல் சுருதிகள் முதலில் மங்கிவிடும். கிட்டார் ஆம்ப்பின் உள்ளீடு வழக்கமாக 10 லட்சம் ஓம் அளவில் இருப்பதால் பிக்கப்புக்குச் சுமையே தெரியாது. கன்சோலின் லைன் உள்ளீடோ சுமார் 10 ஆயிரம் ஓம்தான். மைக் உள்ளீடு அதையும்விடக் குறைவு. இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரோ சிறு மின்சுற்றோ வைத்துப் பொருத்தித் தருவதே டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) பாக்ஸின் வேலை. 1960களில் கடையில் வாங்க அப்படியொன்று கிடைக்கவில்லை. மோடவுனிலும் லண்டன் ஈ.எம்.ஐ. கூடத்திலும் அங்கங்கே இருந்த பொறியாளர்களே அதைச் செய்துகொண்டார்கள்.

ஆம்ப்பைத் தவிர்த்த ஒலி எப்போதும் சாதுவாக இருந்ததென்றும் சொல்ல முடியாது. நாஷ்வில்லில் 1960ஆம் ஆண்டின் இறுதியில் மார்ட்டி ராபின்ஸின் 'டோண்ட் வொரி' பதிவாகிக்கொண்டிருந்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ் சென்ற கன்சோல் பாதையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி ஒலி சிதறியது. அதை நீக்காமல் விட்டார்கள்; பாட்டும் வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தச் சிதறலை டிரான்சிஸ்டர்களால் உருவாக்கும் மின்சுற்றை அமைத்தார். கிப்சன் அதை 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' என்ற பெயரில் விற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபாக்ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் மிதித்தது அந்தப் பெட்டியைத்தான். 1968 ஜூலையில் பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பாடலின் சிங்கிள் இசைத்தட்டு வடிவத்தைப் பதிவு செய்தபோது, கிட்டார்களை நேராகக் கன்சோலில் செருகி, ஒரு முன்பெருக்கியின் வெளியீட்டை இன்னொன்றுக்குள் பாய்ச்சி, இரண்டையும் தாங்கும் அளவுக்கு மேல் ஓட்டினார்கள். 1971இல் வெளியான லெட் செப்பலினின் 'பிளாக் டாக்' பாடலுக்கு ஜிம்மி பேஜின் கிட்டார் கன்சோலின் மைக் உள்ளீட்டுக்குள் சென்று, அங்கிருந்து ஒலியளவின் ஏற்றத்தாழ்வை அமுக்கும் இரண்டு 1176 கம்ப்ரஸர்களை வரிசையாகக் கடந்தது.

'ரெவல்யூஷன்' கிட்டார் ரம்பம் அறுப்பதுபோல் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. கிட்டார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலிகளை வெகுவாகக் குறைத்துவிடும். சிதறலில் பிறக்கும் கூர்மையான மேல்சுருதிகள் அங்கே வடிகட்டப்படுகின்றன. ஸ்பீக்கர் இல்லாத பாதையில் அவை முழுவதும் டேப்பில் ஏறும். அந்தப் பாடலுக்கு அது பொருந்தியது. எல்லாப் பாடலுக்கும் பொருந்தாது என்பதால்தான் ஆம்ப் முன் மைக் வைக்கும் வழக்கம் பெரும்பாலான கூடங்களில் மாறவே இல்லை. 1965இல் வந்த ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் துணியை ஒட்டி நிறுத்துவது இன்றளவும் முதல் பாடமாக இருக்கிறது. கூம்பின் நடுவை நோக்கி நிறுத்தினால் ஒலி கூர்மையாகும். ஓரத்துக்கு இரண்டு விரற்கடை நகர்த்தினால் மங்கும். நல்ல ஒலிப்பதிவாளர் ஈக்வலைசர் குமிழைத் தொடுவதற்கு முன் மைக்கைத்தான் நகர்த்துவார்.

பதிவான ஒலியை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு மறுபடி பிடிக்கும் யோசனை ரீஆம்ப்புக்கு வெகுகாலம் முந்தியது. சிகாகோவில் பில் புட்னம் 1947இல் ஹார்மோனிகேட்ஸ் குழுவின் 'பெக் ஓ மை ஹார்ட்' பதிவுக்காக, ஒலியைக் குளியலறையில் ஒலிக்கவிட்டு அதன் எதிரொலியைச் சேர்த்தார். பின்னர் பெரிய கூடங்கள் எல்லாம் இதற்கென்றே எதிரொலி அறைகளைக் கட்டின. 1966இல் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலில் ஜான் லெனனின் குரலை, ஆர்கனுக்காகச் செய்யப்பட்ட சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாகச் செலுத்தினார்கள். குரலுக்கும் முழு இசைக்கும் செய்ததைக் கிட்டாருக்குச் செய்யத் தொழில்நுட்பத் தடை எதுவும் இருக்கவில்லை.

தடையாக இருந்தது டிராக் பஞ்சம். ஈ.எம்.ஐ.யில் பீட்டில்ஸுக்கு 1963 இறுதியில் கிடைத்தது 4 டிராக். 8 டிராக் கிடைக்க 1968 ஆயிற்று. வெறும் மின்சாரத்துக்கு ஒரு டிராக்கையும் அதிலிருந்து பிறக்கும் ஒலிக்கு இன்னொரு டிராக்கையும் ஒதுக்குவது நாலு டிராக் காலத்தில் ஊதாரித்தனம். டிராக்குகளை ஒன்றாகக் கலந்து இடம் காலி செய்தால் ஒவ்வொரு முறையும் டேப்பின் இரைச்சல் கூடும். வாசிக்கும்போதே ஒலியை முடிவு செய்துவிடுவதே சிக்கனம். அந்தத் தலைமுறையின் துணிச்சல் என்று இன்று போற்றப்படுவதில் இந்தச் சிக்கனத்துக்கும் பங்குண்டு. 1970களில் 16, பிறகு 24 டிராக் டேப் கருவிகள் பரவிய பின் நிலைமை தளர்ந்தது. பதிவான கிட்டாரை ஆம்ப்புக்குத் திருப்பி அனுப்பிப் பார்க்கும் பரிசோதனைகளுக்கு இடம் கிடைத்தது.

ஆனால் பதிவுக் கருவியின் வெளியீட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்து ஆம்ப்பில் செருகினால் ஒலி சரியாக வருவதில்லை. தொழில்முறைக் கருவியின் லைன் அளவு சுமார் 1.23 வோல்ட். கிட்டாரின் மின்சாரம் பெரும்பாலும் அதில் சிறு பங்குதான். எனவே ஆம்ப் முதல் கட்டத்திலேயே திணறும். கருவியின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஓரிரு நூறு ஓம். ஆம்ப் எதிர்பார்ப்பது பிக்கப்பின் பல ஆயிரம் ஓம். இதோடு, கூடத்தின் கருவிக்கும் ஆம்ப்புக்கும் இடையிலான தரையிணைப்பு வளையத்தில் 'ஹம்' இரைச்சல் புகுந்துவிடும். டி.ஐ. பாக்ஸின் டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக இணைத்துச் சமாளித்தவர்கள் உண்டு. அது வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு விதமாக.

இதற்கென்றே ஒரு பெட்டியை உருவாக்கியவர் சான்ஃபிரான்சிஸ்கோ ஒலிப்பதிவாளர் ஜான் குனிபெர்ட்டி. ஜோ சாட்ரியானியின் 1987ஆம் ஆண்டுத் தொகுப்பான 'சர்ஃபிங் வித் தி ஏலியன்' பதிவில் அவருடன் இணைந்து தயாரிப்பாளராகப் பணியாற்றியவர். 1990களின் நடுவில் 'ரீஆம்ப்' என்ற பெயரில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டிக்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னாளில் கனடாவின் ரேடியல் எஞ்ஜினியரிங் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பெட்டிக்குள் இருப்பது அதிகமில்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்க மின்சுற்றுகளையும் பிரித்து ஹம்மைத் தடுக்கிறது. மின்தடைகள் ஒலியின் அளவைக் குறைத்து, மறுமுனையில் இருப்பது கிட்டார்தான் என்று ஆம்ப் நம்பும்படி இம்பீடன்ஸை உயர்த்துகின்றன. அளவைச் சரிசெய்ய ஒரு குமிழ் இருக்கிறது. செய்முறைக்கு அது கொடுத்த பெயர் பொதுச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

பெட்டி சரியான நேரத்தில் வந்தது. கணினி ஒலிப்பதிவு ஏற்பாடான புரோ டூல்ஸின் 1991இல் வெளியான முதல் பதிப்பில் இருந்ததும் 4 டிராக்தான். ஆனால் கணினியின் வேகத்தோடு அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1992இல் கடைக்கு வந்த அலெசிஸ் ஏடாட், எஸ்-விஎச்எஸ் கேசட்டில் 8 டிராக் பதிவு செய்து, சிறு கூடங்களுக்கும் டிஜிட்டலைக் கொண்டு சேர்த்தது. ஒரு டிராக்கை வீணாக ஒதுக்குவதில் இப்போது இழப்பே இல்லை. கணினியில் வெட்டி ஒட்டும் பழக்கம் ரீஆம்ப்புக்கு இன்னொரு காரணத்தையும் தந்தது. ஆம்ப் வழியே சிதறிய கிட்டாரின் அலைவடிவம் திரையில் கட்டியாகத் தெரியும். எந்த இடத்தில் கம்பி மீட்டப்பட்டது என்று கண்டுபிடிப்பது கடினம். டி.ஐ. பாக்ஸ் வழியே சிதறாமல் பதிவான டி.ஐ. டிராக்கில் ஒவ்வொரு மீட்டலும் கூர்முனையாக நிற்கும். முதலில் அதை வெட்டித் தாளத்தோடு பொருத்திவிட்டு, பிறகு ஆம்ப்புக்கு அனுப்பினால் ஒட்டுகளும் வெளியே தெரியாது. வேகமான மெட்டல் இசையில் ரீஆம்ப் இத்தனை ஆழமாக வேரூன்றியதற்கு ஒலியின் அழகைவிட இந்த வெட்டுவேலை முக்கியக் காரணம்.

ரீஆம்ப் பரவியதில் கூடத்தின் செலவும் கலந்திருக்கிறது. இரவு 10 மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் 100 வாட் ஆம்ப்பை முழுதாகத் திறக்க முடியாது. வீட்டில் டி.ஐ. டிராக்கை மட்டும் பதிவு செய்து, வாடகைக் கூடத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் ரீஆம்ப் செய்துகொள்ளலாம். இணையம் வந்த பிறகு டிராக்கை வேறு ஊருக்கு அனுப்பி, அங்கிருக்கும் ஆம்ப் வழியே திரும்பப் பெறுவதே ஒரு தனித் தொழிலாகிவிட்டது.

ரீஆம்ப்பில் வராமல் போவது எது என்பதையும் எடை போட வேண்டும். முதலாவது ஃபீட்பேக். 1967இல் லண்டன் ஒலிம்பிக் கூடத்தில் ஒலிப்பதிவாளர் எடி கிரேமருடன் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வேலை செய்தபோது, மார்ஷல் ஆம்ப்பின் ஒலி காற்று வழியே திரும்பிவந்து கிட்டாரின் கம்பிகளையே அதிரவைத்தது. ஒரு சுரம் தேயாமல் நீண்டு, மெல்ல அதன் மேல்சுருதியாக மலர்வது இந்த வட்டத்தால்தான். கலைஞர் ஆம்ப்பை நோக்கி ஓரடி நகர்ந்தாலும் அது மாறும். ஹெட்போனில் கேட்டு வாசித்த டி.ஐ. டிராக்கில் இந்த வட்டமே இருக்காது. எத்தனை ஆம்ப் வழியே அனுப்பினாலும் அது பிறக்காது. மாறாக, வாசிக்கும்போது அறையில் உரத்த ஆம்ப் ஒன்று இருந்திருந்தால், நீண்ட அந்த அதிர்வு கம்பியிலேயே நிகழ்ந்திருக்கும், டி.ஐ. டிராக்கிலும் பதிந்திருக்கும். ஆகவே குறை ரீஆம்ப்புக்கு உரியதன்று. ஆம்ப் இல்லாமல் வாசிப்பதற்கு உரியது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாதாடுபவர்களே அதிகம்.

இரண்டாவது, விரல்களின் பதில். கலைஞர் தான் கேட்கும் ஒலிக்கு ஏற்பத் தன் கையை மாற்றிக்கொள்கிறார். சிதறல் அதிகமான ஆம்ப்பில் மெதுவான மீட்டலும் பெரிதாக ஒலிக்கும். மீட்டாத கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி வைக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து முனகும். தெளிவான ஒலியைக் கேட்டு வாசித்த டிராக்கை அத்தகைய ஆம்ப்புக்கு அனுப்பினால், விரல் வழுக்கும் கிறீச்சுகளும் அடக்காத கம்பிகளின் முனகலும் முன்னுக்கு வந்துவிடும். பின்னால் எந்த ஒலி வரப்போகிறதோ அதற்கு நெருங்கிய ஒன்றைக் கேட்டுக்கொண்டே வாசிப்பதுதான் இதற்கு மருந்து. அப்படியானால் ஒலியை ஓரளவு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ரீஆம்ப் தள்ளிப்போட முயன்ற முடிவு அங்கே திரும்பி வந்து நிற்கிறது.

மூன்றாவது, பழைய பெடல்கள். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்றவற்றின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் மிகக் குறைவு. அவை பிக்கப்போடு சேர்ந்து ஒரே மின்சுற்றாக இயங்கும். ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரின் ஒலிக்குமிழைச் சற்றுத் திருகியதும் அதன் கரகரப்பு பளிங்குபோலத் தெளிந்தது இந்தப் பிணைப்பால்தான். டி.ஐ. பாக்ஸில் பதிவாகிவிட்ட மின்சாரத்துக்குப் பின்னால் பிக்கப்பின் சுருள் இல்லை. ரீஆம்ப் பெட்டி அதன் இடத்தை அரைகுறையாகவே நிரப்பும். எனவே ஃபஸ் பெடலை மட்டும் வாசிக்கும்போதே சேர்த்துப் பதிவு செய்வதுதான் பாதுகாப்பு.

நேரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஒலி காற்றில் 1 மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ஸ்பீக்கரிலிருந்து ஓரடி தள்ளி நிற்கும் மைக், டி.ஐ. டிராக்கைவிடச் சற்றேறக்குறைய அவ்வளவு நேரம் பின்தங்கும். இரண்டையும் கலந்தால் சில சுருதிகள் ஒன்றையொன்று விழுங்கி ஒலி மெலியும். டிஜிட்டல் கருவிகளில் ரீஆம்ப் செய்யும்போது மின்சாரம் வெளியே போய்த் திரும்பி வருவதற்கான தாமதமும் கூடும். டிராக்கின் தொடக்கத்தில் ஒரு 'கிளிக்' ஒலியை வைத்து, திரும்பி வந்த கிளிக்கை அதன் மேல் பொருத்திச் சரிசெய்வது கூடங்களின் எளிய வழக்கம்.

ஆம்ப்பே வேண்டாம் என்ற மூன்றாவது வழியும் இதனூடே வளர்ந்தது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் 1982இல் கொண்டுவந்த ராக்மேன், இடுப்பில் மாட்டும் அளவிலான பெட்டி. டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' தொகுப்பின் பளபளப்பான கிட்டார்களுக்குப் பின்னால் இருந்தது அதுதான். 1989இல் வந்த சான்ஸ்ஆம்ப், ஆம்ப்பின் சிதறலோடு ஸ்பீக்கரின் வடிகட்டலையும் சேர்த்துப் போலி செய்தது. 1998இல் லைன் 6 நிறுவனம் பாட் என்ற சிவப்புப் பெட்டியையும், புரோ டூல்ஸுக்குள்ளேயே இயங்கும் ஆம்ப் ஃபார்ம் மென்பொருளையும் வெளியிட்டது. மென்பொருளுக்குள் செல்வது எப்படியும் டி.ஐ. டிராக்தான் என்பதால், பெட்டியும் கேபிளும் இல்லாமலே ரீஆம்ப் அன்றாடச் செயலாகிவிட்டது.

2011இல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் வெளியிட்ட கருவி இன்னொரு படி போயிற்று. அது சோதனை ஒலிகளை உண்மையான ஆம்ப்புக்கு அனுப்பி, மைக் வழியே திரும்புவதை ஒப்பிட்டு, அந்த ஆம்ப்பின் நடத்தையைக் குறித்துக்கொள்கிறது. அதாவது ஒரே ஒருமுறை ரீஆம்ப் செய்து, அதன் விடையை வைத்துக்கொள்கிறது. செயற்கை நரம்பு வலையமைப்புகளால் இதைச் செய்யும் மென்பொருள்களும் பின்னர் வந்தன. அடிப்படையில் இவை குறித்துக்கொள்ளும் ஒவ்வொரு பதிவும் அந்த ஆம்ப்பின் ஒரு குறிப்பிட்ட குமிழ் நிலைக்கும் மைக்கின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கும் உரியது.

இன்றைய கூடங்களில் கிட்டாரின் மின்சாரத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அறையிலுள்ள ஆம்ப்புக்கும் மற்றொன்றை டி.ஐ. பாக்ஸுக்கும் அனுப்பி, இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது பரவலான நடைமுறை. வாசிப்பவருக்கு ஆம்ப்பின் ஒலியும் ஃபீட்பேக்கும் கிடைக்கின்றன. ஒலிப்பதிவாளருக்கு மாற்று ஏற்பாடு கிடைக்கிறது. மைக் டிராக் நன்றாக அமைந்துவிட்டால் டி.ஐ. டிராக்கைக் கலவையில் யாரும் திறப்பதே இல்லை.